டயானாவைத் துவைக்கிறவள்

எங்கள் கடையில் விக்டோரியா ஒன்று, டயானா இரண்டு. மூன்றும் வெள்ளை கவுன்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில், கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குக் கவுன் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. என் பெயர் ஜோயல். பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. கல்யாணம் என்று யாராவது ஆரம்பித்தாலே இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது.

பெயர் வைத்தது நான்தான். வருகிற பெண்களுக்குக் காட்ட ஒரு ஆல்பம் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் விக்டோரியா ராணி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதில் அந்த அம்மா வெள்ளை உடுத்திக் கல்யாணம் செய்துகொண்டதைப் பார்த்துத்தான் உலகம் வெள்ளைக்கு மாறியது. அதற்கு முன்னால் அவரவர் கையில் இருந்த நல்ல துணி எந்த நிறமோ அதுதான் கல்யாணத் துணி. அடுத்த பக்கம் டயானா. பின்னால் இழுபடும் வால் மட்டும் இருபத்தைந்து அடி. எங்கள் பக்கத்துக் கிராமத்துச் சர்ச்சுகளில் வாசலிலிருந்து பீடம் வரை அளந்தாலே முப்பது அடி தேறாது. அந்த வாலை அப்படியே விட்டால் பெண் மோதிரம் மாற்றும்போது வால் நுனி வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவில் கிடக்கும். அதனால் எங்கள் டயானாவுக்கு ஆறடி வால்தான். ஆரம்பத்தில் தோளில் பலூன் மாதிரி உப்பல் கை இருந்தது. 2011-ல் லண்டனில் அடுத்த அரண்மனைக் கல்யாணம் டிவியில் வந்தது. அதிலிருந்து எல்லாப் பெண்களும் லேஸ் கைதான் கேட்டார்கள். நான் கடை போட்டபோது மலிவாகக் கிடைத்தது உப்பல் கைதான். அதைப் பிரித்துவிட்டு லேஸ் கை வைத்தேன். பெயர் மட்டும் டயானா என்றே நின்றுவிட்டது.

இந்த டயானாக்களைப் பதினோரு வருடமாகத் துவைத்து வருகிறவள் கங்கம்மாள். வடக்குப்பட்டுக்காரி. நாற்பத்தொன்பது வயது. புருஷன் சின்னப்பையன் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. ஒரே பெண், ஷெர்லின். கங்கம்மாளுக்குச் சம்பள வேலையும் துவைப்பதுதான். வல்லம் வடகாலில் தொழிற்சாலை உடுப்புகளை மொத்தமாக வெளுக்கிற ஒரு லாண்டரியில் இருக்கிறாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு போடுகிறார்களே, வெள்ளை உடுப்பு, அதெல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் மொத்தக் கட்டும் திரும்பி வந்துவிடும். எட்டு மணி நேரம் வெளிச்சத்துக்கு எதிரே வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணே அப்படி ஆகிவிட்டது. எதிரே வருகிறவன் சட்டையில் என்ன கறை என்று பார்த்த பிறகுதான் வருகிறவன் யார் என்று பார்ப்பாள்.

அவள் முதல்முதலில் வந்தபோது ஆல்பத்தைக் காட்டிக் கதை சொன்னேன். அந்த டயானா உடுப்பு வண்டியை விட்டு இறங்கும்போது நன்றாகக் கசங்கியிருந்ததாம் என்றேன். கங்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ்ளோ பெரிய அரமணையில ஒரு இஸ்திரிக்காரி இல்லியா? பாவம், அந்தப் பொண்ணு. கசங்கின துணியோட ஊரு முன்னாடி நிக்க வெச்சிக்கிறாங்களே."

அவளுக்கு எல்லாமே துணிதான். ஒரு கவுனைக் கையில் எடுத்தால் அந்தக் கல்யாணத்தையே சொல்லிவிடுவாள். கீழ்க்கரையில் லாரிப் புழுதி என்றால் ஊர்வலம் ஒரகடம் ரோட்டில் வந்தது. மார்பில் எண்ணெய் என்றால் பெண் பசியோடு பிரியாணியில் உட்கார்ந்துவிட்டது. கையோரம் கண்மை என்றால், "இந்தப் பொண்ணு நல்லா அழுதுக்கீது தம்பி" என்பாள். அழுதது சந்தோஷத்தில் இருக்கலாமே என்று ஒருதரம் கேட்டேன். கறையில அது தெரியாது என்றாள்.

எல்லாக் கறையிலும் மோசமானது மஞ்சள். எங்கள் ஊர்களில் ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆனாலும் புதுத்துணி உடுத்தும்போது ஓரத்தில் துளி மஞ்சள் தடவாமல் விடமாட்டார்கள். வாடகைக் கவுன், நாற்பது பேர் போட்டுக் கழற்றியது என்று தெரிந்தாலும் பெண்ணுக்கு அது புதுசுதானே! யாராவது ஒரு அத்தையோ சித்தியோ மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கடை போட்ட இரண்டாம் வருடமே ஒரு நல்ல கவுன் இப்படி வீணாகிப் போனது. பிறகு கங்கம்மாள் வந்துதான் வழி கண்டுபிடித்தாள். கீழ்மடிப்பின் உள்பக்கம், கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணித்துண்டை நாலு தையலில் ஒட்டிவிடுவாள். மஞ்சளை அங்கே தடவிக்கொள்ளட்டும். கல்யாணம் முடிந்ததும் துண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு வைப்பாள். சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயமும் ஆயிற்று, துணிக்கும் சேதமில்லை. கவுனைக் கொடுக்கும்போது வீட்டுப் பெண்களிடம் இந்த இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியது மட்டும் என் பொறுப்பு.

போன வருடம் ஷெர்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சாம்சன், கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை. ஷெர்லின் போன் அசெம்ப்ளி லைனில் இருக்கிறாள். கங்கம்மாள் அவளைக் கடைக்கு அழைத்து வந்தாள். அவளுக்கோ கவுன் வேண்டாம், புடவை போதும்.

"சின்ன வயசுலேர்ந்து எங்க வூட்டுக் கொடியில தொங்கறதே அதான் அங்கிள். அதுல எத்தினி பேரு வேர்வ கீதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு வாணாம்."

கங்கம்மாள் மகளை முன்னால் இறங்க விட்டாள். மாடிப்படியில் இறங்கும்போது என்னிடம் சொன்னாள். தன் கல்யாணத்தன்று நல்ல மழை, கரண்ட் இல்லை, போட்டோக்காரன் வரவில்லை. தான் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே தெரியாது. பதினோரு வருடமாக ஒவ்வொரு தடவையும் டயானாவை உதறிக் கொடியில் போடும்போது, இதை ஷெர்லின் போட்டால் எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும் என்றுதான் பார்ப்பாளாம்.

"அவ அதப் போட்டுக்கினு அந்த வாசல்லேர்ந்து நடந்து வரணும் தம்பி. நான் உக்காந்து பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

நான்தான் ஷெர்லினிடம் தூது போனேன். நாலு தடவை போன பிறகு, "அவங்களுக்காகத்தான். ஆனா ஒரு சின்ன கற கண்ல பட்டாலும் கழட்டிப் போட்டுட்டு பொடவ கட்டிக்குவேன், சொல்லிட்டேன்" என்று ஒத்துக்கொண்டாள். ஒரே பெண், பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

கல்யாணம் அக்டோபர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. இங்கேதான் நான் இரண்டு தப்பு செய்தேன். புதிய டயானா கிழிந்து தைக்கப் போயிருந்தது. பழையது ஷெர்லினுக்கென்று வைத்தது. அதே வாரம் திங்கட்கிழமைக்கு ஒரு குடும்பம் வந்து கெஞ்சியதும், இடையில் இரண்டு நாள் இருக்கிறதே என்று கொடுத்துவிட்டேன். பேராசை, வேறென்ன. அன்றைக்குக் கடையில் கூட்டம். மஞ்சள் தடவுகிற இடத்தைக் காட்டிச் சொல்ல மறந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் கவுன் பையில் வந்தது. கொண்டுவந்தவர் பாப்பம்மாள் என்று, அந்தத் திங்கட்கிழமைக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு அத்தை. பையை மேசைமேல் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். முன்பக்கம், முழங்கால் மட்டத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மஞ்சளைத் தடவியிருக்கிறார்கள், பிறகு பயந்துபோய் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். சோப்புப் பட்டால் மஞ்சள் ரத்தமாகச் சிவந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். பதற்றத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஸ்கூட்டரில் வடக்குப்பட்டுக்கு ஓடினேன். வீட்டில் பந்தக்கால் நட்டிருந்தார்கள், உறவுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கங்கம்மாள் என்னை நேரே மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். கவுனை விரித்து ஒரு நிமிடம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எலுமிச்ச பழம் பத்து வாங்கியா. சாறு வுட்டா செவப்பு போயி திரும்ப மஞ்சளாவும். மஞ்சளு வெயிலுக்கு மட்டுந்தான் போவும். ஷெர்லினு கண்ல படக்கூடாது."

கங்கம்மாளுக்கு லீவு வியாழனும் வெள்ளியும்தான். புதன்கிழமை காலை ஷிப்டுக்குப் போனால் வெயில் நேரமெல்லாம் லாண்டரியில் போய்விடும். கூட வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் கேட்டு, புதன் காலைக்குப் பதிலாகச் செவ்வாய் ராத்திரி ஷிப்டை வாங்கிக்கொண்டாள். செவ்வாய் காலையும் அவள் வேலைக்குப் போய் வந்தவள்தான். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புதன் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது மாடியில் உட்கார்ந்திருந்தாள். ஐப்பசி மாதத்து வானம். மேகம் விலகும், வெயில் அடிக்கும், திரும்ப மூடிக்கொள்ளும். சுற்றிலும் கிடங்குகளின் தகரக் கூரைகள், தள்ளி ஒரு கம்பெனிச் சுவர், ரோட்டில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். வெயில் மாடியில் எந்த மூலையில் விழுகிறதோ அந்த மூலைக்குக் கவுனை நகர்த்துவாள். கறை உள்ள இடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்றதைப் புழுதி படாமல் வேட்டியால் மூடிவைத்தாள். லேசாகத் தண்ணீர் தெளிப்பாள், ஈரத்தில்தான் வெயில் வேலை செய்யுமாம். தூறல் விழுந்தால் மொத்தத்தையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி வாரிக்கொண்டு படிக்கட்டுக்குள் ஓடுவாள். அன்றைக்கு அப்படி ஏழெட்டு தடவை ஓடியிருப்பாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன், போய் ஒரு மணி நேரம் படு என்றேன்.

"நீ பாத்துக்கினதாலதான் இங்க வந்து நிக்குது" என்றாள். அவ்வளவுதான் அவள் திட்டியது.

மத்தியானம் ஷெர்லின் மாடிப்படியில் பாதி ஏறி வந்து கூப்பிட்டாள். "இன்னாம்மா மேலயே குந்திக்கினுகீற? எல்லாரும் கேக்கறாங்க. வந்து சாப்ட்டு படு." கங்கம்மாள் சட்டென்று கறைக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்தாள். "காத்தாட வெச்சிக்கிறேன், நீ போ. வெயில்ல வராத, கருத்துப்புடுவ" என்றாள். ஷெர்லின் தலைமட்டும் தெரிய ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். ஒரே வீட்டில் இருந்தாலும் தாய்க்குக் காலை ஷிப்டு, மகளுக்கு மாலை ஷிப்டு. ஒருத்தி வரும்போது ஒருத்தி பஸ் ஏறியிருப்பாள். பாத்திரத்தில் மூடி வைத்த சோற்றில்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள்.

நாலு மணிக்குச் சிவப்பு போய், மஞ்சள் போய், ஏதோ ஒரு நிழல் மாதிரி மட்டும் இருந்தது. நாலரையிலிருந்து முக்கால் மணி நேரம் நல்ல வெயில் அடித்தது. அதில் அதுவும் போனது. எனக்குக் கறை தெரியவில்லை. கங்கம்மாள் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, "எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியாது" என்றாள். பிறகு இஸ்திரி போட்டாள். ராத்திரி வீடு நிறைய சொந்தக்காரர்கள்; அவள் எங்கே படுத்தாள், படுத்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வியாழன் காலை பத்தரைக்கு ஆராதனை. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சர்ச் வாசலில் நின்று வாலை விரித்துவிடுவது நான்தான். ஷெர்லின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கறை அவள் கண்ணில் படவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே, வாலை விரித்துவிட்டு நிமிர்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள்.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. பட்டுப்புடவை, தலை நிறைய பூ. தலை பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. கங்கம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற அவள் நாத்தனார் கோமதியம்மாள் தோளைத் தொட்டு எழுப்பப் போனாள். அதற்குள் ஷெர்லின் பார்த்துவிட்டாள். நடந்துகொண்டே வேண்டாம் என்று தலையசைத்தாள். கோமதியம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். பாட்டு முழுக்க, பிரசங்கம் முழுக்க, வாக்குறுதி, மோதிரம், தாலி எல்லாவற்றுக்கும் கங்கம்மாள் தூங்கினாள். நான் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என்னால்தான் இது நடந்தது. அந்தத் தூக்கம் என்னுடைய மறதி, என்னுடைய ஆசை, இரண்டும் சேர்ந்து கொடுத்தது.

கடைசிப் பாட்டுக்கு டிரம் அடித்தபோது விழித்தாள். திருதிருவென்று பார்த்தாள். பிறகு எல்லாரோடும் வெளியே வந்து, வழக்கப்படி குனிந்து கவுன் வாலைத் தரையில் படாமல் கையில் சுருட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் நின்றாள். ராத்திரி பெய்த மழையில் சர்ச் வளாகம் முழுக்கச் சேறு. ஜனங்கள் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷெர்லின் திரும்பினாள்.

"நான் நடந்து வரச்சொல்ல பாத்தியாம்மா?"

"பாத்தேன். நல்லாத்தான் நடந்த."

"பொய் சொல்லாத. வாயத் தொறந்துக்கினு தூங்கின."

கங்கம்மாள் கையில் இருந்த வாலை இன்னும் ஒரு சுற்று சுருட்டினாள்.

"வுடு. இன்னொரு தபா நடக்கறேன், பாரு" என்றாள் ஷெர்லின்.

உள்ளே அலங்காரக்காரர்கள் அதற்குள் பூவைப் பிரித்துக் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஷெர்லின் வாலை அம்மா கையிலிருந்து உருவிக்கொண்டு வெளிக்கேட்டைப் பார்த்து நடந்தாள். சாம்சன் கோட்டும் சூட்டுமாகக் குழம்பிப் போய்க் கூடவே போனான்.

"வாணாம்டி! சேறா கீது! தம்பி, சொல்லேன் அவகிட்ட!"

"நடக்கட்டுங்க்கா. நான் தொவைக்கறேன்" என்றேன்.

"நீயா? சோப்பப் போட்டு செவக்க வெச்சிடுவ. நாளக்கி அத எவன் வாங்குவான்?"

ஷெர்லின் கேட்டருகில் நின்று திரும்பினாள். நான் ஓடிப்போய் ஆறடி வாலையும் சேற்றின்மேல் விரித்துவிட்டேன். பதினான்கு வருடத்தில் மண்தரையில் நான் வால் விரித்தது அதுதான் முதல் தடவை. வெளியே ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பாட்டு இல்லை, மேளம் இல்லை. ஷெர்லின் சாம்சன் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நடந்த அதே வேகத்தில், சர்ச் படியில் நின்ற அம்மாவைப் பார்த்து நடந்து வந்தாள்.

நான் ஓரமாக ஓடிவந்து படியருகே நின்றுகொண்டேன். கங்கம்மாள் பார்த்தாள். ஆனால் அவள் கண் கீழே இருந்தது. வெள்ளை ஓரம் சேற்றில் இழுபடுவதை, பழுப்பு நீர் லேஸில் ஏறுவதை, ஒரு அடி விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை தானாகத் துணியைத் தூக்கப் போய், நடுவில் நின்றுவிட்டது. அவள் தெரிந்து செய்யவில்லை. அந்தக் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஷெர்லின் படிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அம்மா," என்றாள். "துணிய வுடு. மேல பாரு."

கங்கம்மாள் தலையைத் தூக்கினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், தோள் எலும்பைப் பார்த்தாள், திரும்ப முகத்துக்கு வந்தாள். நான் பக்கத்தில் நின்று எண்ணியிருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். பிறகு, காய்ப்பு ஏறிய அந்தக் கையால் மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"இன்னாடி இது," என்றாள். "எப்போ இப்டி எளச்சிப் பூட்ட?"

அன்று காலை இடுப்பில் கவுன் நிற்காமல், உடுத்திவிடப் போன என் மனைவி நாலு ஊக்கு குத்தியிருந்தாள். ஷெர்லின் அதைச் சொல்லவில்லை. மாலை ஷிப்டு, கேண்டீன் சாப்பாடு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. இரண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கவுனோடு, சேற்றோடு. சாம்சன் பந்தலுக்குப் போய் ஒரு தட்டில் பிரியாணி வாங்கி வந்தான். கங்கம்மாள் அதைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். லேஸ் மேல் எண்ணெய் சொட்டியது, அவள் பார்க்கவில்லை.